பொட்டு வைத்த காந்தம்

அநியாயம் நடந்தது ஜெனோவாவுக்கு. அவள் யோசித்து, அவள் அறுத்து, அவள் ஒட்டி, அவள் விரலைச் சுட்டுக்கொண்டு செய்த சுவிட்சை, விமானக் கம்பெனியிலிருந்து வந்தவர்கள் முன்னால் எடுத்துச் சொல்லும் வேலை அவள் அறைத்தோழி சாருமதிக்குப் போனது. ஜெனோவாவுக்குப் பம்பின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் கிடைத்தது. திருட்டு என்று சொல்ல முடியாது, எதுவும் காணாமல் போகவில்லை. பொய் என்றும் சொல்ல முடியாது, திரையில் ஓடிய முதல் படத்திலேயே இரண்டு பேர் பெயரும் இருந்தது, அகரவரிசைப்படி, சாருமதி முன்னால், ஜெனோவா பின்னால், அகரவரிசைக்கும் அவள்மேல் ஏதோ பழைய கோபம் போல. பேராசிரியர் தணிகைநாதன் நேற்று மத்தியானம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அதாவது அவள் முகத்தைப் பார்க்காமலே, "உன் மூளைக்கு நான் உத்தரவாதம் தரேம்மா, உன் வாய்க்குத் தர முடியாது. அவங்க ஒண்ணு கேட்டா நீ ஒம்போது கேப்பே. சாரு பேசட்டும், நீ பம்பைப் பாத்துக்கோ. உனக்கு இதுல வருத்தம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவள், ஹாஸ்டல் சாம்பாரில் காய் எங்கே என்று வார்டனைச் சமையலறைவரை இழுத்துக்கொண்டு போய்க் கரண்டியால் துழாவிக் காட்டியவள், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் வாயைத் திறக்காமல் வந்துவிட்டாள். வருத்தம் இல்லை என்றால் பொய். இருக்கிறது என்றால், பார்த்தியா, ஆரம்பிச்சிட்டா என்பார். கேள்வியை அப்படிக் கட்டியிருந்தார் மனுஷன், எந்தப் பக்கம் நுழைந்தாலும் மாட்டிக்கொள்கிற எலிப்பொறி மாதிரி. அதுக்குள்ளே மசால்வடைகூட வைக்கவில்லை.

பம்ப் உறுமிக்கொண்டிருந்தது. அந்த உறுமல் ஸ்டூலின் கால் வழியாக ஏறி, இடுப்பில் நுழைந்து, பல்லுக்குள் போய் உட்கார்ந்தது. சூடான எண்ணெய் வாடை. எதிரே இரும்பு அறை, ஆள் உள்ளே குந்தி உட்காரலாம் என்கிற அளவு, பெரிய குக்கர் ஒன்றைப் படுக்க வைத்த மாதிரி. குக்கர் அழுத்தத்தைக் கூட்டும், இது குறைக்கும். பக்கவாட்டில் கனத்த கண்ணாடி பதித்த ஒரு வட்ட ஜன்னல். உள்ளே, மஞ்சள் விளக்கின் கீழே, மூடி திறந்தபடி அவளுடைய கான்டாக்டர். பார்க்க ஒன்றுமில்லை, கைக்கடக்கமான ஒரு டப்பா, விமானத்தின் பேட்டரியையும் ஜெனரேட்டரையும் சேர்க்கவும் பிரிக்கவும் செய்கிற பெரிய சுவிட்ச், அவ்வளவுதான்; ஆனால் சேர்ப்பது யாருக்கும் சுலபம், பிரிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிரிக்கும்போது மின்சாரம் சரி போகிறேன் என்று போய்விடாது. இரண்டு வெள்ளி முனைகளுக்கு நடுவே நெருப்பாகத் தொங்கிக்கொண்டு விடமாட்டேன் என்று அடம் பிடிக்கும். தரையில் காற்று தடிமனாக இருக்கிறது, அடக்கிவிடும். உயரே போனால் காற்று மெலிந்துபோகும், அடக்க ஆளில்லை. அதற்குத்தான் காந்தம், இடைவெளிக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று. அது நெருப்பை வெளிப்பக்கமாகத் தள்ளி, அடுக்கி வைத்த இரும்புத் தகடுகளுக்குள் விரட்டி, துண்டு துண்டாக நறுக்கி அணைத்துவிடும். காந்தம் வைப்பது ஊர் உலகத்துக்குத் தெரிந்ததுதான். இந்த அளவுக் காந்தத்தை, இந்தக் கோணத்தில், இவ்வளவு சின்ன டப்பாவுக்குள் வைக்கலாம் என்றது ஜெனோவா. பம்ப் காற்றை உறிஞ்ச உறிஞ்ச, உள்ளே இருக்கிற அழுத்தத்தைக் காட்டும் கேஜின் முள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அது சிவப்புக் கோட்டைத் தொட்டதும் தணிகைநாதன் பொத்தானை அழுத்துவார், சுவிட்ச் பிரியும், நெருப்பு அணையும், வந்தவர்கள் தலையாட்டுவார்கள், அடுத்த கட்டத்துக்கு இதை எடுத்துக்கொண்டு போவார்கள். அணையவில்லையென்றால் கைகுலுக்கிவிட்டு டீயோடு எழுந்து போய்விடுவார்கள். இவ்வளவு நாள் பட்டதெல்லாம் அந்த ஒரு சொடுக்கில் இருந்தது.

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். அரைக்கைச் சட்டை போட்ட ஒருவர், எல்லாவற்றுக்கும் "குட், குட்" என்கிறவர்; ஒரு அம்மா, காட்டன் சேலை, ஒன்றும் சொல்லாமல் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருப்பவர். திரைக்குப் பக்கத்தில் சாருமதி. மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை போட்ட சேலை. அந்தச் சேலையைக் காலையில் கட்டும்போது மடிப்புப் பிடித்துவிட்டது யார், ஜெனோவாதான், ஹாஸ்டல் அறையில் முட்டி போட்டு, ஊசியை வாயில் வைத்துக்கொண்டு. அந்த ஊசியைப் பார்த்தபோது ஒரு நிமிஷம் என்ன தோன்றியது என்பதை அவள் கல்லறைவரை யாரிடமும் சொல்லப்போவதில்லை. "மேல போகப் போகக் காத்து மெலிஞ்சுடும் மேடம், நெருப்புக்கு அங்க கேட்க ஆளில்லை, வீட்ல பெரியவங்க இல்லாத பசங்க மாதிரி" என்றாள் சாருமதி, அந்த அம்மா முதல்தடவையாகச் சிரித்தார், ஜெனோவா கேஜிலிருந்து கண்ணை எடுத்தாள். அது என் வாக்கியம். அந்தப் பசங்க என் பசங்க. போன மழைக்காலத்தில் மெஸ்ஸில் உப்புமாவைக் கிண்டிக்கொண்டே நான் சொன்னது, நீ சிரிச்சு உனக்குப் புரையேறி, நான் உன் தலையில தட்டினேனே, ஏட்டி, ஞாபகம் இருக்கா? காந்தத்தை எடுத்துக்கோ, படத்தை எடுத்துக்கோ, முதல் பெயரை எடுத்துக்கோ. ஒரு மனுஷி சிரிக்கவைக்கச் சொன்ன ஒரு வார்த்தையைக்கூடவா விட்டுவைக்கக் கூடாது? அதைவிடக் கொடுமை, அவள் நன்றாகச் சொன்னாள். ஜெனோவா சொல்லியிருந்தால் அதோடு நிறுத்தியிருக்க மாட்டாள், பெரியவர்கள் இல்லாத வீட்டுப் பசங்கள்தான் ஒழுங்காக இருப்பார்கள் என்று தானே மறுத்து, தன் உவமையைத் தானே உடைத்து, அந்த அம்மாவோடு ஒரு சண்டையில் கொண்டுபோய் விட்டிருப்பாள். சாருமதி சொல்லிவிட்டு, சிரிப்புக்கு இடம் விட்டு, அடுத்ததுக்குப் போனாள். எங்கே கற்றுக்கொடுக்கிறார்கள் இதை? சேலத்தில் டாக்டர் வீட்டில் பிறந்தால் தடுப்பூசியோடு சேர்த்துப் போடுவார்களா? தூத்துக்குடியில் எங்கள் தெருவில் போடவில்லை. எங்கள் தெருவில் குரலை இறக்கினால் கடல் சத்தத்தில் எவளுக்கும் கேட்காது, அதனால் நாங்கள் இறக்குவதில்லை, அதற்குப் பெயர் சண்டைக்காரி.

சாருமதி கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். ஜெனோவா காய்ச்சலில் கிடந்தபோது ரசத்தைப் பிளாஸ்கில் வாங்கிவந்து, சாதத்தைக் குழையப் பிசைந்து, "வாயத் தொற, அதான் எப்பவும் தொறந்தே இருக்குமே" என்று ஊட்டியவள். நேற்றிரவு விளக்கை அணைத்த பிறகு, "ஏய் ஜெனோ, நான் கேக்கலடி, அவரே சொன்னாரு" என்றாள் இருட்டிலிருந்து. "நான் ஒண்ணும் சொல்லலியே" என்றாள் ஜெனோவா. "நீ ஒண்ணும் சொல்லாததுதான் பயமா இருக்கு" என்றாள் சாருமதி, அப்புறம் தூங்கிப்போனாள், தூங்கிவிட்டாளே என்று அதற்கும் ஒரு எரிச்சல். நான் கேக்கல. சரி, கேட்கவில்லை. வேண்டாம் என்றாளா? கொடுத்ததை வாங்கிக்கொள்வது குற்றமா என்று ஒரு பக்கம் வாதாடினாள் ஜெனோவா. கொடுக்கிறவனுக்குச் சொந்தமில்லாததை வாங்குவது குற்றம்தான் என்று மறுபக்கம் வாதாடினாள். இரண்டு வக்கீலும் அவளே, நீதிபதியும் அவளே, தீர்ப்பு மட்டும் வரவில்லை. காலையில் ஜெனோவா ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது, "ஜெனோவா, பம்புக்கு எண்ணெய் கம்மியா இருக்கு, பக்கத்து பில்டிங் ஸ்டோர்ல வாங்கிட்டு வந்துடு" என்று அனுப்பினார் தணிகைநாதன். திரும்பி வருவதற்குள் சாருமதி சுவிட்சைக் கழற்றி, துடைத்து, போட்டோ எடுத்து, மறுபடி மாட்டி, இரும்பு அறைக்குள் வைத்துக் கதவையும் சாத்திவிட்டிருந்தாள். அந்தப் போட்டோவுக்குத்தான் அரைக்கைச் சட்டை முதல் "குட்" சொன்னார்.

"இதெல்லாம் சரி. மின்சாரம் எதிர்த்திசையில வந்தா?" என்று பேனாவை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார் அந்த அம்மா. நல்ல கேள்வி. இந்த அறையில் இன்றைக்குக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி. ஜெனோவாவின் உடம்பு தன்னையறியாமல் ஸ்டூலிலிருந்து ஒரு விரற்கடை எழுந்துவிட்டது, வகுப்பில் கை தூக்குகிற சிறுபிள்ளை மாதிரி. எழுந்ததைத் தணிகைநாதன் பார்த்தார், அவர் பார்த்ததை அவளும் பார்த்தாள், உட்கார்ந்துகொண்டாள். "எதிர்த்திசைன்னா நெருப்பும் எதிர்ப்பக்கம் போகும் மேடம், உள்பக்கம், காயில் இருக்கே, அந்தக் கம்பிச்சுருளை நோக்கி. அதுக்கு அடுத்த கட்டத்துல இன்னொரு ஜோடி காந்தம் யோசிச்சிருக்கோம்" என்றாள் சாருமதி. யோசிச்சிருக்கோம். கோம். அந்த ஓமில் யார் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்கவேண்டும்போல் இருந்தது. கேட்காமல் இருப்பதற்காக ஜெனோவா முகத்தைத் திருப்பி வட்ட ஜன்னலுக்குள் பார்த்தாள். எதிர்ப்பக்கம், உள்பக்கம் என்ற வார்த்தைகள் காதில் நின்றதாலோ என்னவோ, கண் தானாகப் பொட்டைத் தேடியது. பொட்டு இல்லை.

பொட்டு என்பது அவள் வழக்கம். காந்தத்தின் வடமுனை எது தென்முனை எது என்று பார்த்தால் தெரியாது, இரண்டு பக்கமும் ஒரே வெள்ளிப் பளபளப்பு. அதனால் சாருமதியின் நகப்பூச்சுக் குப்பியை எடுத்து வடமுனையில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பாள். "என்னடி, காந்தத்துக்கு நிச்சயதார்த்தமா?" என்று சாருமதி சிரித்திருக்கிறாள், "என் பாலிஷ் தீர்ந்துச்சுன்னா உன் காந்தத்த வித்து வாங்கிக் கொடு" என்றும் சொல்லியிருக்கிறாள், ஆனால் பொட்டு எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. இரண்டு காந்தத்தின் பொட்டும் ஒரே திசையில், நம்மைப் பார்க்க இருக்கவேண்டும். ஒன்றை மட்டும் திருப்பி வைத்தால் இரண்டும் முறைத்துக்கொண்டு விலகும், விரலிலேயே தெரிந்துவிடும், யாரும் தப்புச் செய்ய முடியாது. இரண்டையும் சேர்த்துத் திருப்பி வைத்துவிட்டால் ஒன்றையொன்று ஆசையாக இழுத்துக்கொண்டு சொன்ன இடத்தில் போய் உட்காரும், கைக்கு எல்லாம் சரியென்றே படும், ஆனால் நெருப்பு தகட்டுப் பக்கம் போகாது. உள்ளே போகும். காயிலைத் தின்னும், டப்பாவை உருக்கும், வெள்ளி முனைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். தரையில் என்றால் எப்படியோ புகைந்து தப்பிக்கலாம். இப்போது உள்ளே காற்றில்லை. ஜெனோவா கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். இந்தப் பக்கத்துக் காந்தத்தின் முகம் சுத்தமாக, சலவைக்குப் போய்வந்த மாதிரி இருந்தது. திரும்பியிருக்கிறதா, அல்லது பூச்சு உரிந்துபோயிருக்கிறதா, விளக்கின் கூச்சத்தில் எனக்குத்தான் தெரியவில்லையா? மாட்டியவளுக்குத்தான் தெரியும். மாட்டியவள் மஞ்சள் சேலையில் சிரித்துக்கொண்டிருந்தாள். முள் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போது அவளுக்கு வந்தது சந்தோஷம். அதை வேறு பெயர் சொல்லி ஒளிக்க முடியாது, சந்தோஷம்தான், வெயிலில் வந்து மோர் குடித்த மாதிரி நெஞ்சுக்குள் இறங்கியது. எரியட்டும். சாருமதி கையை நீட்டி, "இப்ப பாருங்க மேடம்" என்று சொல்லும்போது எரியட்டும். ஜன்னலெல்லாம் கரி படியட்டும். அரைக்கைச் சட்டைக்காரர் வாயில் அந்தக் "குட்" பாதியில் நிற்கட்டும். தணிகைநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கட்டும், துடைத்துத் துடைத்து அது தேய்ந்துபோகட்டும், அப்புறம் திரும்பி, ஏம்மா ஜெனோவா, நீ பாத்திருக்கலாமே என்பார், அப்போது நான் சொல்வேன், நீங்க பம்பைத்தானே சார் பாக்கச் சொன்னீங்க. எவ்வளவு அழகான வாக்கியம். சொன்ன வேலையைச் செய்தேன் சார், வாயை மூடிக்கொண்டிருந்தேன் சார், அதற்குத்தானே உத்தரவாதம் இல்லை என்றீர்கள், இந்தாருங்கள் உத்தரவாதம். அந்த வாக்கியத்தை நாக்கில் உருட்டி உருட்டிப் பார்த்தாள், புளிப்பு மிட்டாய் மாதிரி. மிட்டாய் கரையக் கரைய உள்ளே எதுவோ கசந்தது. ஆய்வுக்கூடத்தின் ஓட்டுக்கு மேலே ஒரு விமானம் மீனம்பாக்கத்துக்கு இறங்கிப் போனது, ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின, டீ கோப்பைகள் சாசரில் கிணுகிணுத்தன, எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்கள், தினமும் இத்தனை போகிற இடத்தில் இன்னும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அதற்குள்ளேயும் ஏதோ ஒரு டப்பா சேர்த்துப் பிரித்துக்கொண்டிருக்கிறது. அதற்குள் காந்தம் வைத்தவள் யாரோ, பொட்டு வைத்தாளோ கோடு போட்டாளோ, பயணிகள் எவனாவது அவள் பெயரைக் கேட்டிருக்கிறானா?

பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸ் நாடகம். வசனம் முழுவதும் அவளுக்குப் பாடம், வானதூதர் வசனம், மேய்ப்பர் வசனம், ஆட்டுக்குட்டிக்கு வசனம் இருந்திருந்தால் அதுவும். ஆனால் வானதூதராக நின்றது நிர்மலா, "அதுக்கு முகவெட்டு இருக்கு" என்று சிஸ்டர் சொன்னார்கள், ஜெனோவா திரைக்குப் பின்னால் பெஞ்சின்மேல் நின்று நட்சத்திரத்தை இழுக்கிற கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சணல் கயிறு, உள்ளங்கை எரிந்தது. கீழே நிர்மலா சொல்லத் தொடங்கி ஒரு வரியை விழுங்கிவிட்டாள், விழுங்கியது ஜெனோவாவுக்கு மட்டும் தெரிந்தது, கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினால் அட்டை நட்சத்திரம் நேரே அந்த வெள்ளை இறக்கையின் நடுவில் போய் விழும். தளர்த்தவில்லை. நல்ல பிள்ளை என்பதால் இல்லை. பயந்தவள் என்பதாலும் இல்லை. ஏன் என்று இத்தனை வருஷமாக அவளுக்குத் தெரியாது, அவ்வப்போது யோசித்துப் பார்த்து விட்டுவிடுவாள், இப்போது பம்பின் உறுமல் பல்லுக்குள் இருக்க, முள் சிவப்புக் கோட்டை நெருங்க, சட்டென்று தெரிந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா, "நச்சத்திரம் அம்புட்டு அழகா வந்துச்சே, யாருட்டி இழுத்தா?" என்று கேட்டாளே, அதற்கு அவள் ஒன்றும் சொல்லாமல் நடந்தாளே, அப்போது உள்ளே ஒரு கர்வம் இருந்தது, அது கோணாமல் போனது என்னால்தான் என்று. நட்சத்திரம் விழுந்திருந்தால் ஊர் முழுக்க நிர்மலாவைப் பற்றித்தான் பேசியிருக்கும். பாவம் நிர்மலா, நிர்மலா தலையில் நட்சத்திரம் விழுந்துச்சாமே. விழுவதிலும் அவள் பெயர்தான். அதேதான் இங்கேயும். இது எரிந்தால் யாருடையது எரியும்? சாருமதியின் சுவிட்ச் எரியும். சாருமதி அழுவாள், எல்லோரும் சுற்றி நின்று தண்ணீர் கொடுப்பார்கள், பரவாயில்லம்மா, எல்லாருக்கும் நடக்கறதுதான் என்பார்கள், காந்தக் கோணம் சரியில்லை போல என்று யாராவது சொல்வார்கள், என் கோணம், நான் ராவும் பகலுமாய் மல்லுக்கட்டிக் கொண்டுவந்த கோணம், அதுதான் தப்பு என்று அவள் பெயரில் தீர்ப்பாகிவிடும். முடியாது. வெற்றியைக் கொடுத்தாயிற்று. தோல்வியையும் அவளுக்கே தூக்கிக் கொடுக்க ஜெனோவாவுக்கு மனசு வரவில்லை.

தணிகைநாதன் பொத்தான் பக்கம் போனார். "ரெடியா?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார், ஜெனோவாவைத் தவிர. சாருமதி கையை வட்ட ஜன்னலை நோக்கி நீட்டினாள், நகங்கள் சிவப்பாக இருந்தன, அதே குப்பி, அதே சிவப்பு. "இப்ப பாருங்க மேடம்..."

"சாரு, பொட்டு எந்தப் பக்கம் வச்ச?"

பம்பை மிஞ்சவேண்டியிருந்ததால் கொஞ்சம் சத்தமாகத்தான் வந்தது. தெருவில் கடலை மிஞ்சிப் பழகிய தொண்டை வேறு. அறையே திரும்பிப் பார்த்தது.

"எந்தப் பொட்டுடி?" என்றாள் சாருமதி, நீட்டிய கை நீட்டியபடி.

"காந்தத்துல இருந்த பொட்டு. உன் நெயில் பாலிஷ்."

"ஐயோ, அதுவா? அதத் தொடச்சிட்டேன். போட்டோவுல ஏதோ கறை மாதிரி தெரிஞ்சுது, அசிங்கமா." சொல்லிவிட்டு வந்தவர்களைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்தாள்.

கறை. அசிங்கம். ஜெனோவா அந்த இரண்டு வார்த்தையையும் அப்படியே எடுத்து, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்தாள். "தொடச்சிட்டு, எந்தப் பக்கமாத் திருப்பிப் போட்ட?"

"பக்கமா? அது தானாவே போய் ஒட்டிக்கிச்சே, நான் ஒண்ணும்..." என்று தொடங்கிய சாருமதியின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து இறங்கியது. எதிர்த்திசையில் வந்தால் நெருப்பு எங்கே போகும் என்று இப்போதுதான் அவளே சொல்லியிருந்தாள். நீட்டிய கை மெல்லக் கீழே வந்தது. பேனா கடிக்கிற அம்மா டீயை வைத்துவிட்டு, இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல மேடம், ரூம்மேட்ஸ், ஏதோ அவங்களுக்குள்ள" என்று சிரித்தார் தணிகைநாதன், விரல் பொத்தான்மேலேயே இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு, "ஜெனோவா, இப்ப இது அவசியமாம்மா? வருத்தம் இருந்தா நேத்து நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார்.

ஜெனோவா ஸ்டூலை விட்டு எழுந்தாள். பம்பை அணைத்தாள். பல்லுக்குள் இருந்த உறுமல் போய்விட்டதும் அறை திடீரென்று பெரிதாகிவிட்டது போலிருந்தது. வால்வின் சக்கரத்தைப் பிடித்துத் திருகினாள். காற்று சீறிக்கொண்டு உள்ளே பாய்ந்தது, முள் விறுவிறுவென்று மேலே ஏறியது.

"வருத்தம் இருக்கு சார். நெறைய இருக்கு. அத அப்புறம் வச்சுக்குவோம், மொதல்ல கதவத் தொறந்து என் காந்தம் எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்குன்னு பாப்போம்."